காக்பிட் டிஸ்ப்ளேயின் பேக்கப் பேட்டரி: அதையே மாற்றுவதா, வேறு வழிக்குப் போவதா?

வருடாந்திரப் பரிசோதனையில், விமானத்தின் மின்சாரம் போனால் காக்பிட் டிஸ்ப்ளேயைத் தாங்க வேண்டிய பேக்கப் பேட்டரி தேறாமல் போனால் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: அதே பார்ட் நம்பரைத் தேடி ஆர்டர் போடுவது. பல சமயம் அது சரியான முடிவாகவே இருக்கும். ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும். கெட்டது பேட்டரிதானா? பேட்டரிதான் என்றால், அதே பேட்டரிதான் உங்கள் விமானத்துக்கு ஏற்றதா? என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருக்கும் ஒரு பேக்கப்பைப் பெரிதாக்கிக்கொண்டே போவதைவிட, ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாக நிற்கும் இரண்டு சின்ன பேக்கப்கள் மேல்.

இங்கே பேசுவது அமெரிக்காவில் உரிமையாளர்களே கட்டிப் பறக்கும் வான்ஸ் ஆர்வி போன்ற சிறு விமானங்களைப் பற்றி. தொழிற்சாலையிலிருந்து சான்றிதழோடு வரும் செஸ்னா 172 வகையைப் பற்றியும் பிறகு கொஞ்சம் வரும். பழைய காக்பிட்டில் செயற்கைத் தொடுவானம் (விமானம் சாய்ந்திருக்கிறதா என்று காட்டும் கருவி) வேக்குவம் பம்பில் ஓடியது, அந்தப் பம்பை எஞ்சின் சுற்றியது, மின்சாரத்துக்கு அதில் வேலையே இல்லை. இப்போது தொடுவானம், உயரம், வேகம், வரைபடம், எஞ்சின் அளவுகள் எல்லாம் ஒரே கண்ணாடித் திரையில் வந்துவிட்டன. இவற்றில் வழக்கமாக இருக்கும் லைகமிங் எஞ்சின், தீப்பொறியைத் தானே உண்டாக்கும் மேக்னெட்டோவில் ஓடுவதால், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் செத்தாலும் எஞ்சின் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். பேட்டரி தீர்ந்ததும் திரை மட்டும் இருண்டுவிடும். பளிச்சென்ற பகலில் வெளியே பார்த்து இறங்கிவிடலாம். மேகத்துக்குள் அது நடக்காது.

சான்றிதழ் பெற்ற சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதிகள், மின் உற்பத்தி முழுவதும் நின்றுபோனால் அத்தியாவசியக் கருவிகள் குறைந்தது 30 நிமிடம் பேட்டரியில் ஓட வேண்டும் என்ற அளவை நெடுங்காலமாக வைத்திருந்தன. சொந்தமாகக் கட்டியவற்றுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனாலும் யோசனையைத் தொடங்க அது நல்ல எண். அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளியில் அரை மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு ஓடுபாதை அகப்பட்டுவிடும். ராக்கி மலைகளுக்கு மேல் இரவில் போகிறவருக்கு அது போதாது.

கெட்டது பேட்டரிதானா?

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், 12 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது, அதனால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சொல்பவரை நம்பாதீர்கள். சுமை இல்லாமல் பார்க்கும் வோல்ட் எதையும் நிரூபிப்பதில்லை. நம் ஊர் வீடுகளில் இன்வெர்ட்டர் பேட்டரி இப்படித்தான் ஏமாற்றும்: விளக்கு பச்சையாக இருக்கும், கரண்ட் போனதும் பத்து நிமிடத்தில் ஃபேன் நின்றுவிடும். வயதான செல்லின் உள்தடை ஏறிவிடுவதால், மின்னோட்டம் இழுக்கும்போதுதான் வோல்ட் சரிகிறது. ஆகவே உண்மையான சோதனை ஒன்றுதான். பேட்டரியை முழுவதும் சார்ஜ் ஏற்றி, விமானத்தின் மின்சாரம் முழுவதையும் நிறுத்தும் மாஸ்டர் சுவிட்சை அணைத்து, டிஸ்ப்ளேயை முழு வெளிச்சத்தில் ஓடவிட்டு, எத்தனை நிமிடம் நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பது.

இந்தச் சோதனையிலேயே ஒரு பொறி இருக்கிறது. டைனான் நிறுவனத்தின் ஸ்கைவியூ போன்ற டிஸ்ப்ளேக்கள் நிலத்தில் வெளி மின்சாரம் போனதைக் கண்டதும், வேண்டுமென்றே அணைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு கவுண்ட்டவுன் காட்டும். ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால்தான் பேட்டரியில் தொடர்ந்து ஓடும். அதைக் கவனிக்காமல் மாஸ்டரை அணைத்துவிட்டுக் காபி எடுக்கப் போனவர் திரும்பி வந்து, திரை அணைந்திருப்பதைப் பார்த்து, பேட்டரி போச்சு என்று முடிவு கட்டிவிடுவார்.

அடுத்தது குளிர். லித்தியம் அயனி செல்லை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகவே நெகட்டிவ் முனையில் படிந்துவிடும். அது திறனையும் குறைக்கும், ஆபத்தும்கூட. அதனால் ஒழுங்கான சார்ஜிங் சுற்று எதுவும் 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் ஏற்ற மறுக்கும். ஜனவரி மாதம் விஸ்கான்சினில் சூடேற்றாத ஹேங்கரில் நிற்கும் விமானத்தில் "சார்ஜ் ஆகவில்லை" என்று செய்தி வந்தால், அது பேட்டரி தன்னைக் காப்பாற்றிக்கொள்வதாகவும் இருக்கலாம். காக்பிட்டைச் சூடாக்கி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அரிசோனா வெயிலில் மூடிய கேனோப்பிக்குள் நிற்கும் விமானத்துக்கு நேர் எதிரான தொல்லை. முழு சார்ஜோடு வெப்பத்தில் கிடப்பதுதான் லித்தியம் அயனிக்கு மிக வேகமான முதுமை. அங்கே பேட்டரி உண்மையாகவே போயிருக்க வாய்ப்பு அதிகம்.

மீட்டரில் பூஜ்யம் காட்டினால்? அதுவும் சாவு என்று உறுதியில்லை. மூன்று செல் தொடராக உள்ள பேக்குக்கு முழு சார்ஜில் 12.6 வோல்ட் இருக்கும். அளவுக்கு மீறி வடிந்தால் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று முனைகளைத் துண்டித்துவிடும்; வெளியே எதுவும் தெரியாது. சில சமயம் டிஸ்ப்ளேயின் சார்ஜரே அதை எழுப்பிவிடும். ஆனால் ஒருமுறை அப்படி அடிமட்டம் வரை போய், மாதக்கணக்கில் கிடந்து எழுந்த பேக்கை நான் விமானத்தில் வைக்க மாட்டேன்.

பேட்டரிக்கு வெளியே இருக்கும் குற்றவாளிகள் இன்னும் சுவாரசியமானவர்கள். சொந்தமாகக் கட்டிய விமானங்களில் சிலர் ஒரு சின்ன ஏஜிஎம் (ஒரு வகை லெட் ஆசிட்) பேட்டரியைப் பிரதான பஸ்ஸிலிருந்து, அதாவது கருவிகளுக்கு மின்சாரம் பிரியும் பொதுத் தடத்திலிருந்து, ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) வழியாகச் சார்ஜ் செய்கிறார்கள். சாதாரண சிலிக்கான் டயோடு சுமார் 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும். பஸ்ஸில் 14.2 இருந்தால் பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 13.5. அந்த வோல்ட்டில் ஏஜிஎம் முழுதாக நிரம்பாது. அரைகுறையாகவே கிடந்து, தகட்டில் சல்பேட் படிந்து, இரண்டாவது வருடத்தில் தோற்கும். உரிமையாளர் புதுப் பேட்டரி வாங்கிப் போடுவார். அதுவும் இரண்டு வருடத்தில் போகும். பேட்டரி தரமில்லை என்று பெயர் வரும். ஷாட்கி டயோடு போட்டால் இழப்பு பாதியாகும். சார்ஜரே உள்ளே இருக்கும் பெட்டி என்றால் இந்தப் பேச்சே இல்லை.

இன்னொன்று, இரண்டு மின் நுழைவுள்ள டிஸ்ப்ளேக்களில் வருவது. கார்மின் நிறுவனத்தின் ஜி3எக்ஸ் டச் என்ற டிஸ்ப்ளே வகையின் திரைகளுக்கு இரண்டு நுழைவுகள் உண்டு. ஒன்றில் பிரதான பஸ், மற்றதில் பேக்கப் என்று இணைப்பது வழக்கம். இப்படி இரண்டு மூலங்களை டயோடு வழியாகச் சேர்த்தால், எது வோல்ட் கூடுதலோ அதிலிருந்துதான் மின்சாரம் இழுக்கப்படும். பிரதான பேட்டரி லெட் ஆசிட், பேக்கப் லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதுவும் நேரடியாக இணைத்தது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஓடாதபோது முன்னது 12.6, பின்னது 13.3. எஞ்சின் கிளப்பாமல் உட்கார்ந்து இருபது நிமிடம் பயணத் திட்டம் போட்டீர்களானால், அந்த இருபது நிமிடமும் செலவானது பேக்கப். பைலட்டுக்குத் தெரியாது. மேலே போய் ஆல்டர்னேட்டர் நின்றால், முக்கால் மணி நேரம் கைகொடுக்க வேண்டியது பாதியிலேயே கைவிரிக்கும். இங்கே பேட்டரியும் சரி, டிஸ்ப்ளேயும் சரி, இணைத்த விதம்தான் தப்பு.

திரை எரிகிறது, ஆனால் தொடுவானத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி என்றால் பேட்டரியைத் திட்டாதீர்கள். திரைக்கு பேக்கப் போகிறது, நிலை உணரும் பெட்டிக்குப் போகவில்லை. ஸ்கைவியூவில் உணரிகளும் திரையின் வலையமைப்பு வழியாகவே மின்சாரம் பெறுவதால் இது அபூர்வம். ஜி3எக்ஸில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாகக் கம்பி இழுக்க வேண்டும், அங்கே ஒன்றை விட்டுவிடுவது எளிது. அப்புறம் வழக்கமான சங்கதிகள்: சரியாக நெரிக்காத பின், பெயிண்ட் மேல் போட்ட கிரவுண்ட், கண்ணில் படாத இடத்தில் உருகிய ஃபியூஸ். பேக்கப் பஸ்ஸில் யாரோ பிற்பாடு சேர்த்த யுஎஸ்பி சார்ஜரையும் மறக்க வேண்டாம்.

ஒரு எளிய தினசரி அறிகுறியும் உண்டு. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பஸ் வோல்ட் வெகுவாகக் கீழே இறங்கும். பேக்கப் ஆரோக்கியமாக இருந்தால் திரை அசையாது. ஒவ்வொரு முறை எஞ்சின் கிளப்பும்போதும் திரை அணைந்து மறுபடி எழுந்தால், பேக்கப் இல்லாமலே பறந்துகொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அதே பேட்டரியை மாற்றுவது

இதெல்லாம் பார்த்தாகிவிட்டது, பேட்டரிதான் போய்விட்டது. இப்போது தேர்வுகள்.

ஸ்கைவியூ வைத்திருப்பவருக்கு டைனானின் எஸ்வி-பேட்-320 என்ற லித்தியம் அயனி பேக் இருக்கிறது. புதிதாக, முழு சார்ஜில், ஒரு திரையையும் அதன் உணரிகளையும் சுமார் 60 நிமிடம் தாங்கும் என்பது கணக்கு. ஒரு பேக் ஒரு திரைக்கு மட்டும். இரண்டு திரை என்றால் இரண்டு பேக். சார்ஜ் செய்வது, நிறுத்துவது, வெப்பநிலை பார்ப்பது எல்லாம் டிஸ்ப்ளேயே கவனித்துக்கொள்கிறது. கம்பி வேலை ஒரு கனெக்டரோடு முடிகிறது. விலையும் மற்ற வழிகளோடு ஒப்பிட்டால் குறைவு.

ஒரு திரைக்கு ஒரு பேட்டரி என்ற கட்டுப்பாட்டைச் செலவு என்று சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அது நல்ல குணமாகப் படுகிறது. இடது திரையின் பேட்டரி போனால் வலது திரை தன் பேட்டரியில் ஓடும். ஒன்றின் கோளாறு மற்றதைத் தொடாது. இதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது: இரண்டு பேட்டரியும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வெயிலில் வெந்தவை, ஒரே சமயத்தில் கிழடாகும். இரண்டு திரை வைத்திருப்பவர் இரண்டையும் சேர்த்து மாற்றாமல், ஒரு வருடம் இதை, மறுவருடம் அதை என்று மாற்றுவது புத்திசாலித்தனம்.

இன்னொரு வரம்பு: அந்த பேக் திரையைத்தான் காப்பாற்றும். ரேடியோ, டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் பெட்டி), ஆட்டோபைலட் சர்வோ எதுவும் அதன் கணக்கில் இல்லை. திரையில் தொடுவானம் தெரிகிறது, ஆனால் கண்ட்ரோலரோடு பேச முடியவில்லை என்ற நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒரு கையடக்க ரேடியோவைச் சார்ஜ் செய்து இருக்கைப் பையில் வைப்பது இதற்கு மலிவான தீர்வு.

தனிப் பெட்டி

டிசிடபிள்யூ டெக்னாலஜீஸின் ஐபிபிஎஸ் இந்த வகையில் பெயர்பெற்றது; 3 மற்றும் 6 ஆம்பியர்-ஹவர் அளவுகளில் பார்க்கலாம். பேட்டரி, சார்ஜர், தானாக மாறும் சுற்று மூன்றும் ஒரே பெட்டிக்குள். பஸ் வோல்ட் விழுந்ததும் அது எடுத்துக்கொள்ளும். திரைக்குள் பேட்டரி இல்லாத ஜி3எக்ஸ் காரர்களிடம் இது பரவலாக இருப்பதற்குக் காரணம் அதுதான். எஞ்சின் கிளப்பும்போது திரை அணையாமல் இருப்பதற்காகவே இதை வாங்குபவர்களும் உண்டு.

இதன் பலம், எதைக் காப்பாற்றுவது என்று நீங்களே தீர்மானிக்கலாம் என்பது. திரை, நிலை உணரி, ஜிபிஎஸ், வேண்டுமானால் ரேடியோ. பலவீனமும் அதே இடத்தில்தான். கணக்கு எளிது: பத்து அங்குலத் திரையும் உணரிகளும் சேர்ந்து 3 ஆம்பியர் இழுத்தால், 3 ஆம்பியர்-ஹவர் பெட்டி காகிதத்தில் ஒரு மணி நேரம். வயது, குளிர், கடைசிச் சொட்டு வரை வடிக்க முடியாது என்பது எல்லாவற்றையும் கழித்தால் நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்வது பத்திரம். அதில் ஒரு ரேடியோவைச் சேர்த்து நான்கைந்து முறை பேசினால் இன்னும் குறையும். "இதையும் சேர்த்துவிடலாம்" என்ற ஆசைதான் இந்தப் பெட்டிகளுக்கு எமன். ஒரு வருடம் ஒன்று, மறுவருடம் ஒன்று என்று சேர்த்து, கடைசியில் விமானத்தில் பாதி அந்த பஸ்ஸில் தொங்கும். சோதனையில் தேறாதபோது பெட்டியை அனுப்பிப் புதுப்பிக்கச் சொல்வார்கள். பெட்டி நன்றாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட பெட்டிகளுக்குப் பொதுவாக பெனலில் ஒரு சுவிட்ச் வைக்க வேண்டிவரும். கட்டுமானத்தில் சேரும் ஒவ்வொரு சுவிட்சும் மறதிக்கு ஒரு வாசல். நிறுத்தும்போது அணைக்க மறந்தால் அடுத்த வாரம் பெட்டி காலி. செக்லிஸ்டில் எழுதி வைக்கலாம்தான். எழுதி வைத்தும் மறப்பவர்கள் இருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, எல்லாத் திரையும் ஒரே பெட்டியின் ஒரே கனெக்டரில் தொங்குவது. அந்தக் கனெக்டர் தளர்ந்தால் பேக்கப் முழுவதும் ஒரே சமயத்தில் போகும். பெட்டி கெட்டது அல்ல. நான் அதைத் தனியாக நம்ப மாட்டேன், அவ்வளவுதான்.

தன் பேட்டரியைத் தானே சுமக்கும் கருவி

என் வாக்கு இதற்குத்தான், குறிப்பாக மேகத்துக்குள் பறக்கிறவர்களுக்கு. கார்மின் ஜி5 பழைய மூன்றே அரைக்கால் (3⅛) அங்குலத் துளையில் உட்காரும் சின்னத் திரை. உள்ளேயே நிலை உணரி, பின்னால் மாட்டும் பேட்டரி. அந்தப் பேட்டரியில் 4 மணி நேரம் வரை ஓடும் என்கிறது கார்மின். அதற்குப் பின் வந்த ஜிஐ 275க்கு ஒரு மணி நேரக் கணக்கு. ஆஸ்பென் இஎஃப்டி1000 முதன்மைத் திரைக்குள் இருக்கும் பேட்டரி குறைந்தது 30 நிமிடம் என்ற அளவில் கட்டப்பட்டது. அதைவிட நீளமாக ஓடும் அவசரப் பேட்டரியையும் விருப்பத் தேர்வாக விற்கிறார்கள். 

இந்த வழியின் உண்மையான லாபம் நிமிடக் கணக்கில் இல்லை. காக்பிட்டில் கம்பி கருகும் வாசம் வருகிறது என்று வையுங்கள். செய்ய வேண்டிய முதல் வேலை மாஸ்டரை அணைப்பது. புகை எந்தக் கம்பியிலிருந்து என்று தெரியாதபோது, மின்பொருள் எல்லாவற்றையும் கொல்ல வேண்டும். அப்போது தனிப் பெட்டியை நம்பியவருக்கு ஒரு சங்கடம்: புகைவது பேக்கப் கம்பியாகவே இருந்தால்? அதையும் அணைத்தால் தொடுவானம் போய்விடும். ஜி5 வைத்திருப்பவர் தயங்காமல் எல்லாவற்றையும் அணைக்கலாம். பேட்டரியும் உணரியும் திரையும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால், வெளியே ஒரு கம்பிகூட உயிரோடு இருக்க வேண்டியதில்லை. மென்பொருள் வழியாகவும் ஒரு பாதுகாப்பு வருகிறது. பிரதானத் திரை டைனான், துணைத் திரை கார்மின் என்றால், ஒரே பிழை இரண்டையும் சேர்த்து முடக்குவது கடினம்.

குறைகள் இல்லாமல் இல்லை. பேக்கப் பேட்டரி மட்டும் மாற்ற வந்தவருக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும் புதுக் கருவி என்பது வேறு செலவு. பெனலில் இடம் வேண்டும். அது உங்கள் நேர்ப்பார்வையில் இருக்க வேண்டும். வலது ஓரத்தில் மூலையில் வைத்துவிட்டு, மேகத்துக்குள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் தலைசுற்றலில் போய் முடியும். பெரிய திரையில் இருக்கும் வரைபடம், எஞ்சின் அளவுகள் எல்லாம் இதில் கிடையாது. ஆனால் இறக்கை நேராக இருக்கிறதா, எவ்வளவு உயரம், என்ன வேகம் என்பது தெரிந்தால், மீதியை யோசிக்க நேரம் கிடைக்கும்.

இரண்டாவது ஆல்டர்னேட்டர், இரண்டாவது பெரிய பேட்டரி

வேக்குவம் பம்பைக் கழற்றிய லைகமிங்கில் அந்தப் பம்ப் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருக்கும். பி அண்ட் சி நிறுவனத்தின் எஸ்டி-8 அங்கே உட்காரும் நிரந்தரக் காந்த ஆல்டர்னேட்டர். 8 ஆம்பியர் தரும். பெரியது எஸ்டி-20. இதன் அழகு, எரிபொருள் தீரும் வரை மின்சாரம் உண்டு என்பது. அரை மணியா ஒரு மணியா என்ற கணக்கே வராது. 8 ஆம்பியருக்குள் இரண்டு திரை, ஒரு ரேடியோ, டிரான்ஸ்பாண்டர் என்று அடக்கிக்கொண்டால் ஊர் போய்ச் சேரலாம். எஞ்சின் வேகம் குறைந்தால் மின்னோட்டமும் குறையும், அதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

விமானத்தின் மின்சாரத்தில் ஓடும் எலெக்ட்ரானிக் இக்னிஷனையோ மின்சார எரிபொருள் பம்பையோ மட்டுமே நம்பியிருக்கும் எஞ்சின் என்றால் விவாதமே மாறிவிடும். அங்கே மின்சாரம் போனால் எஞ்சினே நிற்கும். திரைக்கு எத்தனை நிமிடம் என்று கவலைப்படுவதற்கு முன், எஞ்சினுக்கு இரண்டாவது மூலம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட விமானத்தில் இரண்டாவது ஆல்டர்னேட்டரோ இரண்டாவது பேட்டரியோ கட்டாயம், அது வந்துவிட்டால் திரைக்கும் அதிலேயே வழி கிடைத்துவிடும்.

இரண்டாவது பேட்டரி என்றால் எடை கண்முன் வரும். ஆர்விகளில் பிரபலமான ஒடிஸி பிசி680 ஏறத்தாழ 7 கிலோ. எர்த்எக்ஸ் போன்ற லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் அதில் பாதிக்கும் வெகு கீழே. எடை குறைந்ததற்கு நிபந்தனைகள் உண்டு: ஆல்டர்னேட்டருக்கு மிகைவோல்ட் பாதுகாப்பு கண்டிப்பாக வேண்டும். இந்த ரசாயனத்தின் வோல்ட் கோடு நடுவில் தட்டையாகவே போகும் என்பதால், 13.2 வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று யூகிக்கவும் முடியாது. லெட் ஆசிட்டோடு பழகிய கண்ணுக்கு இது புதுசு.

ஆனால் இந்த வழி எதுவும் கம்பிக் கோளாறுக்கோ, பஸ் கோளாறுக்கோ, மாஸ்டரை அணைக்க வைக்கும் புகைக்கோ பதில் இல்லை. மின் உற்பத்தி நின்றுபோவதற்கு மட்டும்தான் பதில். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

ஐபேடைப் பற்றி ஒரு வரி: வரைபடத்துக்கு அருமை, தொடுவானத்துக்கு அதை நம்பி மேகத்துக்குள் போகாதீர்கள். வெயிலில் சூடேறித் தானே அணைந்துபோகும் பொருள் பேக்கப் ஆகாது.

செஸ்னா 172 வைத்திருப்பவர்

இவருக்கு மேலே சொன்ன சுதந்திரம் இல்லை. கார்மினின் ஜி1000 திரைகள் கொண்ட பெனல் உள்ள 172எஸ்ஸில் ஸ்டாண்ட்பை பேட்டரி (அதன் பேக்கப்) விமானத்தின் சான்றிதழின் பகுதி. அதற்குப் பதிலாக வேறொன்றை வைக்க அங்கீகாரமும் மெக்கானிக்கின் கையெழுத்தும் வேண்டும். ஆனால் நோய் கண்டுபிடிப்பது இவருக்கு எளிது. சுவிட்சை டெஸ்ட் நிலையில் 10 விநாடி பிடித்துக்கொள்ள வேண்டும். பச்சை விளக்கு அந்த நேரம் முழுக்க அணையாமல் இருக்க வேண்டும். எஞ்சின் கிளப்பிய பின் ஸ்டாண்ட்பை பேட்டரியின் ஆம்பியர் அளவு சார்ஜ் பக்கம் காட்ட வேண்டும். விளக்கு மங்கினால் முதலில் கேட்க வேண்டியது, கடைசியாகப் பறந்தவர் ஸ்டாண்ட்பை சுவிட்சை ஆர்ம் (தயார்) நிலையிலேயே விட்டுவிட்டாரா என்று. அப்படி விட்டால் மாஸ்டரை அணைத்த பிறகும் அந்தப் பேட்டரி அத்தியாவசிய பஸ்ஸுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்து காலியாகும். பலர் பகிர்ந்து பறக்கும் பயிற்சிப் பள்ளி விமானங்களில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தானாக எரியும் திரையைப் பார்த்தும் கதவைச் சாத்திவிட்டுப் போகிறவர் இருப்பாரா என்று கேட்காதீர்கள். இருப்பார்.

அவரும் மேகத்துக்குள் பறக்கிறவர் என்றால், ஸ்டாண்ட்பை பேட்டரியை நல்ல நிலையில் வைத்திருப்பதோடு பிரச்சினை முடிந்தது என்பேன். அந்த பெனலில் தனித் துணைக் கருவிகளும் இருக்கும்; பல விமானங்களில் அவை மின்சாரம் சாராதவை. அவற்றை வைத்துப் பறக்கும் பயிற்சிதான் அவருக்கு அடுத்த செலவாக இருக்க வேண்டும்.

எனக்கென்றால்

பகலில், தெளிந்த வானில் மட்டும் பறக்கும், மேக்னெட்டோ எஞ்சின் உள்ள ஆர்விக்கு: அதே பேட்டரியைப் புதிதாக வாங்கிப் போடுவேன், கையடக்க ரேடியோ ஒன்று, அதற்கு மேல் ஒரு டாலரும் செலவழிக்க மாட்டேன். மேகத்துக்குள் போகும் விமானத்துக்கு: அதே பேட்டரியும் வேண்டும், கூடவே தன் பேட்டரியோடு நிற்கும் ஜி5 போன்ற ஒன்றும் வேண்டும். ஜி3எக்ஸ் காரர் தனிப் பெட்டியைச் சின்ன அளவில் வைத்து, அதில் திரையும் உணரியும் மட்டும் தொங்கவிட்டு, மிச்சப் பணத்தைத் துணைத் திரையில் போடலாம். நீண்ட இரவுப் பயணம், மலை, ஏரி என்று போகிறவர் இவற்றோடு எஸ்டி-8ஐயும் யோசிக்க வேண்டும். ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் வைத்திருப்பவருக்கு, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் கோளாறு பழகிப்போன விஷயம் என்பதால், பேக்கப்பை யோசிக்கும் அதே நாளில் ரெகுலேட்டருக்குக் காற்றோட்டம் போதுமா என்றும் பார்த்துவிடுவது நல்லது. பல சமயம் பேக்கப் தேவைப்படுவதே அதனால்தான்.

வாங்கும்போது இரண்டு மூன்று நடைமுறை விஷயம். தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயனி பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரல் முதல் தடை. சரக்கு விமானத்தில் அனுப்பினாலும் சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. புது பேக் வந்ததும் ஆசையோடு மாட்டி உடனே ஓட்டிப் பார்த்தால் இருபது நிமிடத்தில் நிற்பது அதனால்தான். "புதுசே டிஃபெக்ட்" என்று திருப்பி அனுப்ப வேண்டாம். அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் வாங்கி வரச் சொல்கிறவர்கள் கைப்பையில்தான் வைக்கச் சொல்ல வேண்டும். செக்-இன் பெட்டியில் உதிரி லித்தியம் பேட்டரி வைக்கக்கூடாது. கைப்பைக்கும் அனுமதி கேட்காமல் கொண்டுவரும் வரம்பு 100 வாட்-ஹவர்.

மாட்டும்போது கம்பியைப் பாருங்கள். 2013 ஜூலையில் லண்டன் ஹீத்ரோவில் யாருமில்லாமல் நின்றிருந்த எத்தியோப்பியன் போயிங் 787 தீப்பிடித்தது. விசாரணையில் வெளிவந்தது, அவசர டிரான்ஸ்மிட்டரின் சின்ன லித்தியம் பேட்டரியின் கம்பிகள் மூடிக்கு அடியில் நசுங்கி இருந்தன என்பது. ஒரு சின்னப் பேட்டரி ஒரு பெரிய விமானத்தின் மேற்கூரையைக் கருக்கியது. பெனலுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கை நுழையாத கோணத்தில் பேட்டரியைத் திணிக்கும்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும். கம்பி எங்கும் கூர்மையான விளிம்பில் உரசக்கூடாது, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வேண்டும், கழற்றிப் பார்க்க வழி வேண்டும்.

பிறகு முழுவதும் சார்ஜ் ஏற்றி, ஒரு முறை கடைசி வரை ஓடவிட்டு, நிமிடத்தை லாக் புத்தகத்தில் எழுதுங்கள். திரை எந்த வெளிச்சத்தில் இருந்தது, ஹேங்கரில் எத்தனை டிகிரி, பேக்கப் பஸ்ஸில் என்னென்ன இருந்தன என்பதையும் சேர்த்து. அடுத்த வருடம் ஓட்டும்போது ஐம்பது நிமிடம் வந்தால், அது புதிதில் எழுபது ஓடிய பேட்டரியா ஐம்பத்தைந்து ஓடிய பேட்டரியா என்பதைப் பொறுத்துத்தான் முடிவெடுக்க முடியும்.